நன்னடத்தையை அளப்பது எப்படி?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்

முன்னுரை

கணிதம் படிக்கும் மாணவி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். எங்கே எண்ணிக்கை இருக்கிறதோ அங்கே கணிதத்திற்கு வேலை இருக்கிறது. எண்ணிக்கை தவறாகச் செய்யப்படும் இடத்தில் அதற்கு இன்னும் கூடுதல் வேலை இருக்கிறது. இந்த இரண்டாவது கூற்றை என் குடும்பத்திலேயே கண்டவள் நான். அதனால்தான் இக்கட்டுரை.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, பெருஞ்சாலையிலிருந்து உள்ளடங்கிய சிற்றூர். மேற்கே பார்த்தால் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் காடு. கிழக்கே பார்த்தால் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. சென்ற விடுமுறையில் நான் படித்த தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். சுவரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து பெயர்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. தமிழகத்து அரசுப் பள்ளிகளில் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற ‘மகிழ் முற்றம்’ திட்டத்தின்படி பிள்ளைகளை ஐவகை நிலங்களின் பெயரால் ஐந்து குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். கூடி உழைத்தல், தலைமைப் பண்பு, தவறாத வருகை ஆகிய நல்ல பழக்கங்களைக் குழுவாக வளர்ப்பது இதன் நோக்கம்.

அங்கிருந்த ஆசிரியை என்னிடம் கேட்டார்: “நீ புள்ளியியல் எல்லாம் படிக்கிறியே, இது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படுதான்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவோடு சில மாதங்கள் வாழ்ந்ததன் பயனை ஈண்டு நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பிரம்பிலிருந்து பாராட்டுக்கு

நம் பெற்றோர் காலத்துப் பள்ளியில் ஒழுக்கம் என்றால் பிரம்பு. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார் பலர். அந்தக் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆம் விதி 2003-ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்துவதற்கென உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தருதல் தடைசெய்யப்பட்டது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதையே நாடு முழுவதற்கும் உரியதாக்கியது.

பிரம்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இதற்கு விடையாக எழுந்தவையே நேர்மறை நடத்தைத் திட்டங்கள். அவற்றின் அடிப்படை எளியது. ‘ஓடாதே, கத்தாதே, அடிக்காதே’ என்று தடைகளை அடுக்குவதற்குப் பதிலாக, ‘நடந்து செல்வோம், கை உயர்த்திப் பேசுவோம், பகிர்ந்து கொள்வோம்’ என்று மூன்று நான்கு பழக்கங்களைத் தேர்ந்தெடுத்தல். வாய்பாட்டைக் கற்பிப்பது போலவே அவற்றையும் செய்து காட்டிக் கற்பித்தல். பிள்ளை அதைச் செய்யும்போது கவனித்துப் பாராட்டுதல். தவறும்போது, ஏன் தவறினான் என்று கேட்டறிதல். நடந்தவற்றைக் குறித்து வைத்தல். இந்த ஐந்தும் சேர்ந்ததே திட்டம். பெரும்பாலான பள்ளிகளில் மூன்றாவது மட்டும் சிறப்பாக நடந்துவிடும். நட்சத்திரம் ஒட்டுதல் யாவர்க்கும் எளிது!

ஒரு பழைய சோதனை

இத்துறையில் புகழ்பெற்ற முன்னோடிச் சோதனை ஒன்று 1969-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு மாணவர் 24 பேரை இரண்டு அணிகளாகப் பிரித்து ‘நன்னடத்தை விளையாட்டு’ ஒன்றை நடத்தினர் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்னும் மூவர். அனுமதியின்றிப் பேசினாலோ இடத்தைவிட்டு எழுந்தாலோ அந்த அணியின் பெயரில் கரும்பலகையில் ஒரு குறி. குறிகள் குறைந்த அணிக்கு மதிய உணவு வரிசையில் முதலிடம், கூடுதல் இடைவேளை போன்ற சலுகைகள்.

அவர்கள் அளந்த முறையே நாம் கற்க வேண்டியது. விளையாட்டைத் தொடங்கும் முன்னரே எண்ணத் தொடங்கினர். கணக்குப் பாட வேளையில் மட்டும் முதலில் விளையாட்டைத் தொடங்கி, வாசிப்பு வேளையை அப்படியே விட்டனர். கணக்கு வேளையில் தொல்லை குறைந்தது. வாசிப்பு வேளையில் குறையவில்லை. பின்னர்க் கணக்கு வேளையில் விளையாட்டை நிறுத்தி வாசிப்பு வேளையில் தொடங்கினர். முன்னதில் தொல்லை திரும்பியது, பின்னதில் குறைந்தது. கணக்கு வேளையை ஒரு நிமிடக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு 100 கூறுகளில் ஏறத்தாழ 96-இல் கேட்ட தேவையற்ற பேச்சு, விளையாட்டுக் காலத்தில் ஏறத்தாழ 19-ஆகக் குறைந்தது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை, ஒரே பிள்ளைகள். ஆகவே மாற்றத்திற்குக் காரணம் விளையாட்டே என்று துணிந்து கூற முடிந்தது.

எனினும் அச்சோதனையில் என் மனத்தைவிட்டு அகலாத செய்தி வேறொன்று. இரு மாணவர் விளையாட்டுக்கு உடன்படவில்லை. அவர்களால் அணிக்குக் குறி கூடிக்கொண்டே போயிற்று. முடிவில் அவ்விருவரும் அணியிலிருந்து விலக்கப்பட்டனர். இதைப் படித்தபோது எனக்கு என் அண்ணன் நினைவு வந்தது.

அண்ணனின் வரிசை

2010-ஆம் ஆண்டு நான் ஒன்றாம் வகுப்பு. அண்ணன் நான்காம் வகுப்பு. அவன் வகுப்புக்கு வந்த ஆசிரியர் பிரம்பைத் தொடாதவர், பிள்ளைகளிடம் அன்புள்ளவர். பெரிய சார்ட் அட்டையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை போட்டு, அமைதியாக இருந்தால் ஒன்று, வீட்டுப்பாடம் எழுதினால் ஒன்று, தலைவாரி வந்தால் ஒன்று என நட்சத்திரம் ஒட்டினார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினர்.

அண்ணன் துடுக்கானவன். ஓரிடத்தில் உட்காரமாட்டான். அம்மா விடியற்காலையிலேயே களை எடுக்கப் போய்விடுவதால் எங்களுக்குத் தலைவார ஆளில்லை. எனக்கு அவனே வாரிவிடுவான், தனக்கு வாரிக்கொள்ளமாட்டான். அவன் வரிசை வெறுமையாகவே கிடந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வகுப்பில் நுழையும் ஒவ்வொரு நாளும் அந்த வெறும் வரிசையை நாற்பது பிள்ளைகள் பார்த்தார்கள், அவனும் பார்த்தான். தை மாதம் வெங்காயம் பிடுங்க அம்மாவோடு போனவன் பிறகு பள்ளிக்குத் திரும்பவில்லை. ஆசிரியர் இருமுறை வீடு தேடி வந்தார். இரு முறையும் அண்ணன் மக்காச்சோளக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

ஆண்டு விழாவின்போது அந்த அட்டையை மேடையருகே மாட்டியிருந்தார்கள். புதிதாக எழுதிய அட்டை அது. அண்ணன் பெயர் அதில் இல்லை. இவ்வகுப்பில் நட்சத்திரம் பெறாத பிள்ளையே இல்லை என்று வந்திருந்த பெரியவர் ஒருவர் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அட்டையைப் பார்த்து உண்மையைத்தான் சொன்னார்.

ஒரு சிறு கணக்கு

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் ஜூன் மாதம் 40 பிள்ளைகள் என்று கொள்வோம். அவர்களுள் 28 பேர் சொன்னபடி நடப்பவர். 12 பேர் அவ்வாறு நடவாதவர். நன்னடத்தை 28/40, அதாவது 70 விழுக்காடு. ஆண்டு முழுவதும் திட்டம் நடக்கிறது. அந்த 12 பேரில் 6 பேர் இடையில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய 34 பேரில் ஒருவர் நடத்தையும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் கணக்கிட்டால் 28/34, ஏறத்தாழ 82 விழுக்காடு!

ஒரு குழந்தையும் திருந்தவில்லை. ஆறு குழந்தைகள் பள்ளியை இழந்தனர். திட்டமோ 12 புள்ளிகள் வெற்றி பெற்றுவிட்டது. பின்னத்தின் தொகுதியை யாவரும் பார்க்கிறோம். பகுதியில் யார் இருக்கிறார்கள், யார் நீங்கினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஜூன் மாதத்து 40-ஐயே ஏப்ரலிலும் பகுதியாக வைத்தால் விடை 70 விழுக்காடாகவே நிற்கும். திட்டத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி இதுவே. மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

எண்ணுவதில் உள்ள இடர்கள்

ஆசிரியையின் வினாவுக்கு விடை தேட, தலைமையாசிரியையின் இசைவு பெற்று, நானும் என் தோழியும் அப்பள்ளியில் ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். ஆய்வு என்று சொல்லத் தக்கதன்று. பயிற்சி என்று கொள்க. அதில் நாங்கள் பட்ட பாடுகள் பயனுள்ளவை.

முதல் நாள் பிள்ளைகள் சிலைபோல் இருந்தனர். ‘அக்கா எழுதறாங்க’ என்று ஒருவன் மற்றவனைத் தட்டி எச்சரித்ததே காரணம். பார்ப்பவர் இருப்பதாலேயே நடத்தை மாறிவிடுகிறது. எங்களை அவர்கள் மறக்கச் சில நாள்கள் ஆயின.

அடுத்து, ஒரே அரை மணி நேரத்தை இருவரும் தனித்தனியே எண்ணினோம். நான் போட்ட கோடுகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அவள் போட்டிருந்தாள். காரணம் ஆராய்ந்தபோது, பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் கொடுக்கத் திரும்பியதையும் அவள் ‘தொல்லை’ என்று எண்ணியிருந்தாள். நான் அதைப் ‘பகிர்தல்’ என்று விட்டிருந்தேன். எதை எண்ணுகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, இருவர் எண்ணிக்கையும் ஒத்துவரும்வரை பழகிய பின்னரே எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது இடர், பருவம். எங்கள் பக்கத்தில் தை, மாசியில் மக்காச்சோளம் ஒடிப்பும் பருத்தி எடுப்பும் நடக்கும். அப்போது வருகை சரிவது வழக்கம். ஜூன் மாதத்தைத் தை மாதத்தோடு ஒப்பிட்டுத் திட்டம் தோற்றது என்பதும், தை மாதத்தை ஜூனோடு ஒப்பிட்டு வென்றது என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். தையைச் சென்ற ஆண்டுத் தையோடு ஒப்பிடல் வேண்டும்.

நான்காவது, சராசரி நோக்கித் திரும்பும் இயல்பு. இதை 19-ஆம் நூற்றாண்டில் கால்டன் என்பார் எடுத்துக்காட்டினார். சண்டை மிகுந்த மாதத்தில்தான் எவரும் திட்டத்தைத் தொடங்குவர். மிக மோசமான மாதத்தை அடுத்து, ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஓரளவு நல்ல மாதம் வருவதே இயல்பு. காய்ச்சல் உச்சத்தில் மந்திரித்த தாயத்து மறுநாள் புகழ் பெறுவதும் இவ்வாறே.

ஐந்தாவது, பரிசே பகையாதல். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் ஒரு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகள் சிலருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்னரே சொல்லி வரையச் செய்தனர். பின்னர்ப் பரிசு ஏதுமில்லாத நாள்களில், அக்குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியே. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இக்குறை காணப்படவில்லை. ஆகவே நட்சத்திரம் ஒட்டும் நாளில் மட்டும் எண்ணாமல், ஒட்டுவதை நிறுத்திய பிறகும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற இடங்களில் அளந்த முறைகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 21 பள்ளிகளுக்கு நேர்மறை நடத்தைத் திட்டத்தில் பயிற்சி தந்து, 16 பள்ளிகளை ஒப்பீட்டுக்கு வைத்து ஐந்தாண்டுகள் பார்த்தனர். 2010-இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெற்ற பள்ளிகளில் மாணவரைத் தற்காலிகமாக நீக்குவதும் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புவதும் குறைந்தன. நல்ல முறைதான். எனினும் இவ்விரண்டும் பெரியவர்கள் செய்யும் செயல்கள். பெரியவர் அனுப்பாமல் விட்டாலும் எண்ணிக்கை குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உகாண்டா நாட்டின் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனை இவ்வகையில் ஒருபடி மேல். பாதிப் பள்ளிகளில் ‘நல்ல பள்ளி’ என்னும் திட்டத்தைப் பதினெட்டு மாதங்கள் நடத்தினர். பின்னர்ப் பிள்ளைகளையே கேட்டனர்: சென்ற வாரம் பள்ளியில் பெரியவர் எவரேனும் உன்னை அடித்தார்களா? திட்டமில்லாத பள்ளிகளில் 48.7 விழுக்காட்டினர் ஆம் என்றனர். திட்டமுள்ள பள்ளிகளில் 31 விழுக்காட்டினர். 2015-இல் வெளிவந்த இம்முடிவு வெற்றியையும் காட்டுகிறது. எஞ்சிய துன்பத்தையும் மறைக்கவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985-இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே அதே நன்னடத்தை விளையாட்டை நடத்தியவர்கள், அப்பிள்ளைகள் 19 முதல் 21 வயது அடைந்த பின் அவர்களைத் தேடிச் சென்று விசாரித்தனர். ஒன்றாம் வகுப்பில் மிகவும் முரடர்களாக இருந்த ஆண் பிள்ளைகளுக்கே அந்த விளையாட்டால் கூடுதல் நன்மை விளைந்தது என்று கண்டனர். போதைப் பழக்கம் அவர்களிடையே குறைந்திருந்தது. வகுப்பின் மொத்தச் சராசரியோடு நின்றிருந்தால் இது தெரியவந்திராது.

நம் நாட்டிலும் வழிகாட்டல் உண்டு. 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ என்னும் கல்வி நிலைக் கணக்கெடுப்பு, பிள்ளைகளைப் பள்ளியில் பார்க்காமல் வீட்டில் சென்று பார்க்கிறது. கொரோனாவுக்குப் பின் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளின் கற்றல் இழப்பை அளந்த ஆய்வாளர்களும் வீடு வீடாகவே சென்றனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்றும் அவர்களால் பிரித்துச் சொல்ல முடிந்தது. வீட்டில் எண்ணினால், மக்காச்சோளக் காட்டில் ஒளிந்த பிள்ளையும் எண்ணிக்கையில் வந்துவிடுகிறது.

நம் பள்ளிக்கு ஓர் அளவுமுறை

பெருஞ்செலவு ஏதுமின்றி ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளி தன் திட்டத்தைத் தானே அளந்துகொள்ள இயலும். என் அறிவுக்கு எட்டிய முறை இது:

1. திட்டம் தொடங்குமுன் குறைந்தது ஒரு மாதம் எண்ணி வைத்தல்.

2. எண்ணும் நடத்தைகளை மூன்றுக்கு மிகாமல், எவரும் ஐயமின்றி அறியும் சொற்களில் எழுதி வைத்தல். இருவர் எண்ணி ஒத்துப்பார்த்தல்.

3. ஐந்து வகுப்புகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், மாதம் ஒரு வகுப்பாகத் தொடங்குதல். இன்னும் தொடங்காத வகுப்பே ஒப்பீட்டு வகுப்பாக அமையும். அரியலூர்ப் பக்கத்துப் பள்ளியும் பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளியும் கைகோத்தால் ஒப்பீடு இன்னும் வலுப்பெறும்.

4. வகுப்பின் அமைதியை மட்டும் அளவாகக் கொள்ளாமை. கேள்வி கேட்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறித்தல். வாய்மூடிய வகுப்பு அஞ்சிய வகுப்பாகவும் இருக்கலாம்.

5. பள்ளிக்கு வருவது பிடித்திருக்கிறதா என்று பிள்ளைகளைப் பெயர் எழுதாத சீட்டில் கேட்டல். எழுத வராத சின்னப் பிள்ளைகளுக்குச் சிரித்த முகம், வாடிய முகம் வரைந்து கொடுத்தால் போதும்.

6. ஜூன் மாதப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஏப்ரல் கணக்கிலும் வைத்தல். நீங்கியவரை நீங்கியவர் என்றே எழுதுதல்.

7. பாராட்டே பெறாத பிள்ளைகள் யார் யார் என்று மாதந்தோறும் பார்த்தல். அப்பெயர்கள் திட்டம் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதைக் காட்டும். அப்பட்டியல் ஆசிரியரின் மேசைக்குள் இருக்கட்டும், சுவருக்கு வரவேண்டா.

முடிவுரை

இம்முறையை எழுதிக்கொண்டு போய் ஆசிரியையிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். ஆறாவதைச் சுட்டி, “இதைச் செஞ்சா எங்க வெற்றி கொறஞ்சுதாம்மா தெரியும்” என்றார். சற்றுப் பொறுத்து, “பரவால்ல, இதையே மொதல்ல செய்வோம்” என்று பழைய வருகைப் பதிவேட்டை எடுக்க அலமாரியைத் திறந்தார்.

என் அண்ணன் இன்று சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறான். என் கல்லூரிக் கட்டணம் அவன் கட்டுவது. கட்டுரையை ஓர் இரவு அவனுக்குப் படித்துக் காட்டினேன். 28/40, 28/34 என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னான்.

“அப்ப நீ சொல்ற கணக்குல எம் பேரு இருக்குமா பாப்பா?”

“இருக்கும் அண்ணே. அந்தப் பகுதியில இருக்கிற நாப்பது பேருல நீ ஒருத்தன்.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வண்டி எடுக்க வேண்டும் என்று படுக்கப் போய்விட்டான்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர் பயிற்சிக்குச் செல்வோம். சிலர் கல்வித் துறை அலுவலகங்களில் அமர்வோம். வண்ண அட்டைகளும் விழுக்காடுகளும் நம் மேசைக்கு வரும். அப்போது அவற்றோடு ஜூன் மாதப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, பெயர் பெயராக ஒத்துப் பார்ப்போமாக.